எல்லை தாண்டும் வரலாறும் எல்லையில் நின்றுவிடும் பொறுப்பும்

1

அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று கடலூரில் நடந்தது என்று சொன்னால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். 'எந்தக் கடலூர், நம்ம கடலூரா?' நம்ம கடலூர்தான். 1783 ஜூனில் கும்பினிப் படை கடலூரை முற்றுகையிட்டது. உள்ளே புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள், அவர்களுக்குத் துணையாக மைசூர்ச் சிப்பாய்கள். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. இதில் கொடுமை என்னவென்றால், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே பூர்வாங்க சமாதானம் அந்த ஜனவரியிலேயே வெர்சாயில் கையெழுத்தாகியிருந்தது. சேதி கப்பலேறிக் கடலூர் வந்துசேர்வதற்குள் ஜூன் முடிந்துவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன போருக்காக இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? 1778 பிப்ரவரியில் பிரான்சு அமெரிக்கக் கலகக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் விளைவாக அதே ஆண்டு அக்டோபரில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1780 இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். 1782 இல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் சூட்டினார்கள். அந்தக் கப்பல் ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பிடிக்கவும் செய்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுப் படையிடமும் சரணடைந்த காரன்வாலிஸ், 1786 இல் இங்கே தலைமை ஆளுநராக வந்து இறங்கினார். 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தவர் அவரே. திண்டுக்கல்லும் சேலத்துப் பாராமகாலும் கும்பினியின் கைக்குப் போனது அப்படித்தான். அங்கே தோற்றவன் இங்கே வந்து ஜெயித்தான்.

அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் போர் யார்க்டவுனோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நாம் படித்த பாடப்புத்தகத்தில் அது 'இரண்டாம் மைசூர்ப் போர்' என்று தனிப்பாடம். ஒரே போர், இரண்டு பாடம், நடுவே ஒரு பாலமும் கிடையாது. தேசம் என்கிற சட்டகத்துக்குள் எழுதப்படும் வரலாறு இப்படித்தான் வெட்டும். வெட்டிய இடத்தில் ரத்தம் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அந்தச் சட்டகத்தின் வேலை.

தேச எல்லைகளைத் தாண்டி வரலாற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் 'நாடுகடந்த வரலாறு' இன்று பல்கலைக்கழகங்களில் மரியாதைப்பட்ட துறை. குறிப்பாக அமெரிக்க வரலாற்றை ஐரோப்பாவிலிருந்தும் அட்லாண்டிக்கின் பிற கரைகளிலிருந்தும் படிப்பது கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. இந்த வளர்ச்சியை வரவேற்றுக்கொண்டே, அதன்மீது ஒரு சந்தேகத்தையும் வைக்கத்தான் இந்தக் கட்டுரை. எல்லையைத் தாண்டிப் பார்ப்பது நல்லது, சரி. அப்படித் தாண்டும்போது பொறுப்பும் கூடவே தாண்டி வருகிறதா, இல்லை சுங்கச்சாவடியிலேயே நின்றுவிடுகிறதா?

2

முதலில், 'தேசிய வரலாறு' என்கிற சரக்கு அமெரிக்காவில் எப்படி உற்பத்தியானது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் முதல் பெரிய தேசிய வரலாற்றாசிரியர் என்று கொண்டாடப்படும் ஜார்ஜ் பான்கிராஃப்ட் 1820 இல் முனைவர் பட்டம் வாங்கியது ஜெர்மனியில், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில். 1834 இல் அவர் எழுதத் தொடங்கிய பல தொகுதி வரலாறு, சுதந்திரத்தை நோக்கி ஒரு தேசம் கடவுள் சித்தப்படி நடந்துசெல்லும் கதை. அடுத்த தலைமுறையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பாக்ஸ்டர் ஆடம்ஸ், ஹைடல்பர்க்கில் பட்டம் வாங்கியவர், அமெரிக்க ஜனநாயகத்தின் வித்து ஜெர்மானியக் காடுகளில் இருந்தது என்றார். காட்டிலிருந்து இங்கிலாந்து, இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்து என வித்து பயணப்பட்டதாம். அதாவது, 'தனித்துவமான' அமெரிக்க வரலாற்றை எழுதும் முறையே ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி. இன்னும் கறாராகச் சொன்னால், அமெரிக்க வரலாற்றை ஐரோப்பாவோடு சேர்த்துப் பார்த்த அந்த முதல் முயற்சி ஓர் இனப்பெருமைக் கதை. எல்லை தாண்டிப் பார்த்துவிட்டாலே முற்போக்கு என்று நினைக்கும் நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

இதை மறுத்து எழுந்தவர் ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர். 1893 இல் சிகாகோவில் வாசித்த கட்டுரையில், அமெரிக்காவை உருவாக்கியது ஐரோப்பிய வித்து அல்ல, மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போன எல்லைப்புறம் என்றார். முகத்தை ஐரோப்பாவிலிருந்து மேற்கே திருப்பினார். திருப்பிய பக்கத்தில் என்ன தெரிந்தது? காலி நிலம். அந்த நிலம் காலியாக இருக்கவில்லை என்பதற்கு அமெரிக்க அரசின் சொந்த ஆவணமே சாட்சி. 1778 முதல் 1871 வரை பூர்வகுடித் தேசங்களோடு அது 300 க்கும் மேற்பட்ட உடன்படிக்கைகளைச் செய்திருக்கிறது. காலி நிலத்தோடு யாரும் உடன்படிக்கை எழுதுவதில்லை. ஆக, 'நாடுகடந்த' என்பதற்குக் கடல் கடக்கவே தேவையில்லை. அந்த நிலப்பரப்புக்குள்ளேயே பல தேசங்கள் இருந்தன. ஒரு தேசம் மற்றவற்றை விழுங்கித் தன்னை மட்டும் 'தேசம்' என்று அழைத்துக்கொண்டது. விழுங்கியதைச் சொல்லாமல் ஏப்பத்தை மட்டும் எழுதியது தேசிய வரலாறு.

'அமெரிக்க விதிவிலக்கு' என்கிற சொல்லின் கதையும் சுவாரஸ்யமானது. மற்ற நாடுகளுக்குப் பொருந்தும் விதி அமெரிக்காவுக்குப் பொருந்தாது என்கிற கருத்து பழையது. ஆனால் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது கம்யூனிஸ்ட் அகிலத்தின் உட்சண்டையில். அமெரிக்க முதலாளியம் வலுவாக இருக்கிறது, அங்கே நெருக்கடி உடனே வராது என்று வாதிட்ட ஜே லவ்ஸ்டோன் குழுவை 1929 இல் கட்சியிலிருந்து தூக்கினார்கள். 'விதிவிலக்குவாதி' என்பது அன்று வசைச்சொல். பனிப்போர்க் காலத்தில் அதே கருத்து கழுவித் துடைக்கப்பட்டுப் பெருமைச்சொல் ஆயிற்று. வசையாகவும் வாழ்த்தாகவும் ஒரே சொல் பயன்படுகிறதென்றால், இரண்டு தரப்புமே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள்: அமெரிக்கா தனி. கேள்வி கேட்கப்பட வேண்டியது அந்த ஒப்புதலைத்தான்.

3

1997 முதல் 2000 வரை நான்கு கோடைகளில் அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் பல நாட்டு அறிஞர்களோடு கூடி, தங்கள் தேச வரலாற்றை எல்லைக்குள் வைத்து எழுதியது போதும் என்று பேசினார்கள். கூடிய இடம் இத்தாலியின் ஃபிளாரன்ஸ். நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு உயில் வழியாக வந்த லா பியெத்ரா மாளிகை. தாமஸ் பெண்டர் தயாரித்த அதன் அறிக்கை 2000 இல் வெளியானது. 2006 இல் அவர் எழுதிய நூல், அமெரிக்காவைப் பல தேசங்களில் ஒரு தேசமாக வைத்துப் பார்த்தது. நல்ல காரியம். ஆனால் ஏன் 1997? சோவியத் ஒன்றியம் 1991 இல் சரிந்து, வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1994 இல் நடைமுறைக்கு வந்து, மூலதனம் எல்லா வேலியையும் தாண்டி முடித்த பிறகுதான் வரலாற்றாசிரியர் வேலியைத் தாண்டுகிறார். பின்னாலேயே ஓடி வருகிறார் என்று சொல்லலாமா?

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் இந்த வேலையை ரொம்ப முன்னாலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள். டிரினிடாட்டில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், ஹைத்தி அடிமைகளின் புரட்சியைப் பிரெஞ்சுப் புரட்சியோடு சேர்த்துப் பின்னிய 'கறுப்பு ஜாகோபின்கள்' 1938 இல் வந்துவிட்டது. அதே தீவின் எரிக் வில்லியம்ஸ், பிரிட்டனின் தொழில் மூலதனத்துக்கும் கரீபிய அடிமைத் தோட்டங்களுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலை எழுதியது 1944 இல். இவர்களை யாரும் அப்போது 'நாடுகடந்த வரலாற்றாசிரியர்கள்' என்று அழைக்கவில்லை. கறுப்பர் வரலாறு என்று ஓரமாக ஒதுக்கிவைத்தார்கள். தேசம் என்கிற கூரை தலைக்கு மேல் இல்லாதவர்களுக்கு, எல்லை தாண்டிப் பார்ப்பது ஒரு ஆய்வு முறையாக வந்ததல்ல. வேறு வழியே இல்லாமல் வந்தது.

4

ஐரோப்பியப் பார்வைக்கு வருவோம். வெளியிலிருந்து வருபவனுக்கு வீட்டுக்காரன் பார்க்காதது தெரியும் என்பது பொதுவான நம்பிக்கை. தொக்வில்லை உதாரணம் காட்டாத அமெரிக்கப் பேராசிரியர் குறைவு. சிறைச்சாலைகளை ஆராய என்று 1831 இல் போய் ஒன்பது மாதம் சுற்றியவர். அந்த டிசம்பரில் மெம்பிஸ் நகரில், விரட்டப்பட்ட சொக்டா மக்கள் கடுங்குளிரில் மிசிசிப்பி ஆற்றைக் கடப்பதைக் கண்ணால் பார்த்தார். சட்டத்தின் பெயராலேயே ஓர் இனத்தை அழிக்க முடிகிறதே என்று கசப்போடு எழுதினார். வெளியாள் கண் என்பது இதுதான் என்று தோன்றும்.

பத்து ஆண்டு கழித்து, 1841 இல், அதே தொக்வில் அல்ஜீரியாவுக்குப் போகிறார். பிரெஞ்சுப் படை அங்கே விளைச்சலைக் கொளுத்துகிறது, தானியக் குதிர்களைக் காலி செய்கிறது, ஆயுதமில்லாத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துச் செல்கிறது. இவையெல்லாம் வருந்தத்தக்க தேவைகள் என்று எழுதுகிறார். மிசிசிப்பிக் கரையில் இருந்த கண் அல்ஜியர்ஸில் எங்கே போனது? கண் எங்கேயும் போகவில்லை. அமெரிக்காவில் அவர் பார்வையாளர். அல்ஜீரியாவில் அவர் பங்குதாரர். வெளியாள் என்கிற அந்தஸ்து ஆளோடு ஒட்டிப் பிறந்த குணமல்ல, எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. அவருடைய அமெரிக்க நூலையும் அல்ஜீரியக் குறிப்புகளையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்காத வரை நாம் தொக்வில்லை வாசித்ததாகச் சொல்ல முடியாது.

இன்னொரு உதாரணம், குன்னர் மிர்டால். அமெரிக்க இனப்பிரச்சினை பற்றி ஒரு பெரும் ஆய்வு செய்ய கார்னகி நிறுவனம் ஆள் தேடியபோது, காலனிப் பின்னணி இல்லாத நாட்டிலிருந்து நடுநிலையான ஒருவர் வேண்டும் என்று நினைத்தது. சுவீடன்காரர் மிர்டால் தேர்வானார். 1944 இல் வந்த அவருடைய நூல், கறுப்பர் பிரச்சினை என்பது உண்மையில் வெள்ளையர் மனசாட்சியின் பிரச்சினை என்று சொன்னது. பிற்பாடு பள்ளிகளில் இனப்பிரிவினையை உச்ச நீதிமன்றம் 1954 இல் தள்ளுபடி செய்தபோது இந்த நூலையும் குறிப்பிட்டது. அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் 'காலனி இல்லாத சுவீடன்' என்பது பம்மாத்து. கரீபியக் கடலில் சான் பார்த்தலெமி தீவை சுவீடன் 1784 முதல் 1878 வரை வைத்திருந்தது; அங்கே அடிமை முறை 1847 வரை நீடித்தது. இனஉயிரியலுக்கென்று ஓர் அரசு நிறுவனத்தை உப்சாலாவில் 1922 இல் திறந்த நாடும் அதுவே. 'தகுதியற்றவர்'களுக்குக் கருத்தடை செய்வதை மிர்டால் தம்பதிகளே 1934 இல் ஆதரித்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவைத் தராசில் நிறுத்தும் ஐரோப்பியக் கை சுத்தமானது என்ற நினைப்பு எப்படி உண்டாகிறது என்பதும் அமெரிக்க வரலாற்றின் ஒரு பகுதிதான்.

மறுபக்கமும் இருக்கிறது. ஐரோப்பிய ஆவணக்கிடங்கில் அமெரிக்கா வேறு முகத்தோடு கிடைக்கிறது. சட்ட வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் விட்மன் 2017 இல் வெளியிட்ட நூல், 1934 ஜூனில் நாஜிச் சட்ட வல்லுநர்கள் நடத்திய ஒரு கூட்டத்தின் பதிவை விரித்துக்காட்டுகிறது. அடுத்த ஆண்டு வரவிருந்த நூரம்பர்க் சட்டங்களுக்கு முன்னேற்பாடான பேச்சு அது. அங்கே மேசைமேல் இருந்தது அமெரிக்க மாநிலங்களின் கலப்புமணத் தடைச் சட்டங்கள் பற்றிய குறிப்பு. அப்போது 30 மாநிலங்களில் அந்தத் தடை இருந்தது. கடைசியாக மிச்சமிருந்தவற்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967 இல்தான். ஒரு சொட்டு ரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்கிற அமெரிக்க விதி, நாஜி வழக்கறிஞர்கள் சிலருக்கே அளவுக்கு மீறியதாகப் பட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் சந்தேகம் கூர்மையாகிறது. இதே செய்தியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். 'அமெரிக்க இனவெறி உள்நாட்டுக் குறைபாடு, காலப்போக்கில் சரியாகிவிட்டது' என்கிற தேசியக் கதையை இது உடைக்கிறது என்று வாசிக்கலாம். 'பார்த்தீர்களா, எல்லாம் அமெரிக்காவிடம் கற்றது' என்று ஜெர்மனியின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்கவும் வாசிக்கலாம். பொறுப்பு என்பது பலர் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சமாகக் குறைகிற பண்டமல்ல. கொலைக்கு அரிவாள் செய்து கொடுத்தவன் பெயரும் குற்றப்பத்திரிகையில் சேர்ந்தால், வெட்டியவன் பெயர் அடித்துவிடப்படுவதில்லை. தொடர்பைக் கண்டுபிடிப்பது பட்டியலை நீட்டுவதற்கு. நீர்த்துப்போக வைப்பதற்கு அல்ல.

5

1803 ஏப்ரல் 30. லூயிசியானா பிரதேசத்தை அமெரிக்காவுக்கு விற்கும் ஒப்பந்தம். ஏறக்குறைய 8,28,000 சதுர மைல், 1.5 கோடி டாலர். நாட்டின் பரப்பு ஒரே கையெழுத்தில் இரட்டிப்பானது. ஜெஃபர்சனின் ராஜதந்திரம் என்று தேசிய வரலாறு மெச்சுகிறது. நெப்போலியன் ஏன் விற்றார்? கரீபியத்தில் சான் தொமிங் என்கிற சர்க்கரைக் காலனியை மீட்டு, அதற்குத் தானியம் விளைவிக்கும் பின்னிலமாக லூயிசியானாவை வைத்துக்கொள்வது அவர் கணக்கு. 1802 இல் மைத்துனர் லெக்லெர்க் தலைமையில் பெரும்படை போனது. முன்னாள் அடிமைகளின் படையும் மஞ்சள் காய்ச்சலும் அதைத் தின்று தீர்த்தன. லெக்லெர்க்கும் அந்த நவம்பரிலேயே செத்தார். தீவு கைவிட்டுப் போகும் என்றானபின் பின்னிலம் எதற்கு? விற்றுவிட்டார். 1804 ஜனவரி 1 அன்று ஹைத்தி விடுதலை அறிவித்தது.

அமெரிக்கா இரட்டிப்பானதற்குக் காரணம் கறுப்பு அடிமைகளின் வெற்றி. அப்படிக் கிடைத்த நிலத்தில் அமெரிக்கா செய்தது? சர்க்கரைக்கும் பருத்திக்குமாக அடிமை முறையை மேலும் மேற்கே கொண்டுபோனது. ஹைத்தியை 1862 வரை அங்கீகரிக்கவே இல்லை. பிரான்சோ 1825 இல் போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த 'சொத்து'க்கு 15 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கேட்டது. 1838 இல் அது 9 கோடியானது. அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம். அதைக் கட்ட வாங்கிய கடன், கடனை அடைக்க வாங்கிய கடன் என்று ஒரு சங்கிலி. அந்தக் கடன் பாரிசோடு நிற்கவில்லை. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைத்தி வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கா நாட்டையே பிடித்தது. 1934 வரை இருந்தது.

ஹைத்தியில் பிறந்த மானிடவியலாளர் மிஷெல்-ரோல்ஃப் துரூயோ, 1995 இல் வந்த நூலில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஹைத்திப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோதே அது சிந்திக்க முடியாததாக இருந்தது. அடிமைகள் தாங்களே திட்டமிட்டு ஒரு சுதந்திர நாட்டைப் படைக்க முடியும் என்பதை ஏற்க ஐரோப்பிய மொழிகளில் கருத்தாக்கமே இருக்கவில்லை. எனவே மௌனம் ஆவணத்தை உண்டாக்கும் கணத்திலேயே நுழைந்துவிடுகிறது. ஆவணக்கிடங்குகளைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் இந்த மௌனம் உடையாது. பாரிஸ் கிடங்கும் வாஷிங்டன் கிடங்கும் ஒரே மௌனத்தின் இரண்டு பிரதிகளாக இருக்கலாம். 2025 ஏப்ரலில், அந்த நஷ்டஈட்டுக்கு 200 ஆண்டு நிறைந்தபோது, பிரெஞ்சு அதிபர் இருநாட்டு வரலாற்றாசிரியர் குழு ஒன்றை அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அந்த அறிவிப்பில் உறுதி ஏதும் இல்லை. வரலாறு எல்லை தாண்டிவிட்டது, பணம் தாண்டவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்.

6

நாடுகடந்த வரலாற்றின் சொல்லகராதியைக் கொஞ்சம் பாருங்கள். ஓட்டம், பரிமாற்றம், வலைப்பின்னல், இணைப்பு, சுழற்சி. எல்லாமே உராய்வில்லாத சொற்கள். அடிமைக் கப்பலின் அடித்தட்டை 'வலைப்பின்னலின் ஒரு கண்ணி' என்று எழுதிவிட முடியும், இலக்கணப்பிழை இருக்காது. தமிழ் படித்தவன் என்கிற முறையில் எனக்கு உறுத்துவது, இந்த வாக்கியங்களில் எழுவாய் தொலைந்துபோவதுதான். 'பருத்தி பயணித்தது' என்கிறார்கள். பருத்தி தானாக நடந்து போகாது. யாரோ பறித்தார்கள், யாரோ சவுக்கோடு பின்னால் நின்றார்கள், யாரோ கடன் கொடுத்தார்கள், யாரோ காப்பீடு செய்தார்கள்.

1860 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள். பிரிட்டன் இறக்குமதி செய்த பருத்தியில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்தது. பிரிட்டன் 1833 இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றி, அடிமைகளின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடும் கொடுத்துவிட்டு, அடுத்த தலைமுறை முழுக்க அமெரிக்க அடிமைகளின் பஞ்சில் நூல் நூற்றது. 'அடிமை முறை அமெரிக்கத் தெற்கின் பிரச்சினை' என்று சொல்லும் தேசிய வரலாறு நியூயார்க் வங்கிக்கும் லிவர்பூல் தரகருக்கும் மான்செஸ்டர் ஆலைக்கும் சேர்த்தே நற்சான்று கொடுக்கிறது.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டு பஞ்சு வரத்து அறுந்தது. 1862 இறுதியில் லங்காஷயரில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். அந்த டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள்: பட்டினி கிடந்தாலும் அடிமை முறைக்கு எதிரான பக்கத்தில்தான் நிற்போம் என்பது சாரம். ஜனவரி 19 அன்று லிங்கன் பதில் எழுதினார். அதே சமயம் மெர்சி ஆற்றங்கரையில் தெற்கு மாநிலங்களுக்காக 'அலபாமா' என்கிற போர்க்கப்பல் கட்டி அனுப்பப்பட்டிருந்தது. லங்காஷயர்த் தொழிலாளர் எல்லோரும் ஒரே குரலில் வடக்கை ஆதரித்தார்கள் என்பதும் உண்மையல்ல. தெற்கை அங்கீகரிக்கக் கேட்ட கூட்டங்களும் அங்கே நடந்திருக்கின்றன. நம் இடதுசாரி மேடைகளில் முதல் பாதி மட்டும் சொல்லப்படுகிறது. முழுசாகச் சொல்வதால் அந்த மான்செஸ்டர்க் கூட்டத்தின் மதிப்பு குறையாது, கூடும். பசி எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் அதில் தேர்வு ஏது? பிளவுபட்ட ஊரில், வயிறு ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் நின்றார்கள். எல்லை தாண்டிய பொறுப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அந்தப் பஞ்சின் இன்னொரு நுனி நம் ஊரில் கிடக்கிறது. அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருக்கும் நிலையிலிருந்து தப்பிக்க, 1840 களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெற்கிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்கள் சிலரைக் கும்பினி இந்தியாவுக்குக் கூட்டிவந்தது. சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் மேற்பார்வையில் 1853 வரை சோதனை நடந்தது. எதிர்பார்த்த பலன் வரவில்லை. போர் வந்ததும் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு விலை எகிறியது. 1865 இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. அங்கே அடிமை விடுதலை, இங்கே சம்சாரி தலையில் துண்டு. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திக் கணக்குப் பார்ப்பது அபத்தம். ஆனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத வரலாறு அரைகுறை.

7

அப்படியானால் யாருடைய பார்வை? டுபாய்ஸ் 1892 இலிருந்து இரண்டு ஆண்டு பெர்லினில் படித்தவர். மாசசூசெட்ஸில் பிறந்த கறுப்பர் ஐரோப்பாவில் இருந்துகொண்டு தன் நாட்டைத் திரும்பிப் பார்த்தார். 1900 இல் லண்டனில் நடந்த பான்-ஆப்பிரிக்க மாநாட்டிலேயே நிறக்கோட்டை உலகப் பிரச்சினையாக வைத்துப் பேசினார். 1935 இல் எழுதிய 'கறுப்பு மீள்கட்டமைப்பு' நூலில், உள்நாட்டுப் போரின்போது தோட்டங்களை விட்டு வெளியேறிய அடிமைகளின் நகர்வை ஒரு பொதுவேலைநிறுத்தம் என்றே வாசித்தார். 1949 இல் வார்சாவில் யூதச் சேரியின் இடிபாடுகளைப் பார்த்தபிறகு, நிறக்கோடு பற்றிய தன் புரிதலே மாறியது, இது தோலின் நிறத்தோடு முடிகிற விஷயமில்லை என்று எழுதினார். இதுவும் ஐரோப்பியப் பார்வைதான். தொக்வில்லிடம் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அங்கே பார்த்தது இங்கே தன்னையே மாற்றிவிட அனுமதித்தார்.

புனேயில் உட்கார்ந்திருந்த ஜோதிபா புலே, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் போன தாமஸ் பெய்னை வாசித்தவர். 1873 இல் 'குலாம்கிரி' எழுதி, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். சூத்திர அதிசூத்திரரின் நிலையை எழுதப் புகுந்தவருக்கு அமெரிக்க வரலாறு தேவைப்பட்டது. அவர் அமெரிக்காவைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார் என்று இன்று சொல்லலாம். நான்கே ஆண்டில், 1877 இல், தெற்கில் கறுப்பருக்குப் பாதுகாப்பாக இருந்த மத்தியப் படை ஒதுங்கிக்கொள்ள, வெள்ளை ஆதிக்கம் திரும்பியது. ஆனாலும் அந்தச் சமர்ப்பணத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனசில்லை. அது பாராட்டு வடிவத்தில் எழுதப்பட்ட ஒரு கோரிக்கை: அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 1946 இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பர் சார்பாக ஐக்கிய நாடுகளிடம் கொடுக்கப்பட்ட மனுவின் பிரதியைக் கேட்டதும் இதே தொடர்ச்சியில்தான். ஆய்வு நிதியோ மாநாட்டு மாளிகையோ இல்லாமல், தேவை இருந்ததால் எல்லை தாண்டியவர்கள்.

நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. நம் பத்திரிகைகளில் அமெரிக்கா ஒன்று ஏகாதிபத்தியம், இல்லையென்றால் வேலை கிடைக்கும் ஊர். பாரிஸ் சிந்தனையை நியூயார்க் வழியாக ஆங்கிலத்தில் தருவித்து வாசிக்கிறோம். அந்த வழி எப்படிப் போடப்பட்டது என்று கேட்பதில்லை. சால்ஸ்பர்க்கில் 1947 இல் தொடங்கிய கருத்தரங்கும், பெர்லினில் 1963 இல் கென்னடி பெயர் சூட்டப்பட்ட ஆய்வு நிறுவனமும், ஹைதராபாத்தில் 1964 இல் வந்த அமெரிக்கவியல் மையமும் ஒரே பனிப்போர் வரைபடத்தின் புள்ளிகள். அவற்றின் நூலகங்களில் படித்துத்தான் பலர் அமெரிக்காவை விமர்சிக்கவும் கற்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எனவே, எல்லை தாண்டிய வரலாறு என்று எது கையில் கிடைத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டு வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறதா? எழுதுகிறவர் தன் வீட்டு அல்ஜீரியாவையும் மேசையில் வைத்திருக்கிறாரா? இந்தத் தொடர்பால் யாருக்கு யார் கடன்பட்டார் என்கிற கணக்கு அதில் உண்டா? ஹைத்தியின் கணக்கு இன்னும் தீரவில்லை. கடலூரில் சேதி வந்துசேர்வதற்கு முன் செத்தவர்களில் நம் ஊர்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். பாரிஸில் 1783 செப்டம்பரில் கையெழுத்தான சமாதானத்தில் அவர்களுக்கென்று ஒரு வரி இல்லை. அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.